மூடியைப் பற்றி மட்டும்

மைசூரு
2 நவம்பர் 2023, கல்லறைத் திருநாள்

அன்புத் தம்பி இன்னாசிக்கு அக்கா பிலோமினா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நான் நலம். நீயும் டெய்சியும் சத்தியமங்கலத்தில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலைப் பூசையில் வேண்டிக்கொள்கிறேன். போன கிறிஸ்துமஸ் அட்டையில் சர்க்கரை வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? இல்லை, போதகருக்கு விசுவாசமே போதும் என்று விட்டுவிட்டாயா?

காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ரூபன் கல்லறையில் புல் மண்டிக் கிடந்தது. பிடுங்கிக் கழுவி, செவ்வந்தி வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினேன். காற்றில் மூன்று தடவை அணைந்தது. இருந்திருந்தால் இருபத்திரண்டு வயது, மீசை வைத்திருப்பான். உங்கள் சபையில் இறந்தவர்களுக்காக வேண்டுவதில்லை என்று தெரியும். உன் பங்குக்கும் சேர்த்து நானே வேண்டிக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் பிரசங்கம் ஒன்றை நிர்மலா தன் போனில் காட்டினாள். முதியோர் இல்லத்தில் என்னோடு வார்டு வேலை பார்க்கும் பெண். "அக்கா, இது உங்க தம்பிதானே?" என்று ஆசையாகத்தான் கொண்டுவந்தாள். நீ சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாய். இருபது வருடத்துக்கு முன், நாம் எல்லாரும் இங்கே மைசூரில் ஒரே வீட்டில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூபனை அக்காவிடம் விட்டுவிட்டு நீயும் டெய்சியும் ஆராதனைக்குப் போனது. அக்கா வாசலில் இருந்த சம்ப் தொட்டியின் மூடியைத் திறந்தபடி விட்டுவிட்டது. குழந்தை தண்ணீரில் விழுந்து செத்தது. ஆனாலும் நீ அக்காவை மன்னித்தது. "அவங்க ஒண்ணும் செஞ்சு சம்பாதிக்கல, சும்மா கொடுத்தேன், அதுதான் கிருபை" என்றாய். கூட்டம் அழுதது. நானும் அழுதேன். நிர்மலா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

நீ கிருபை என்கிறாய், நாங்கள் அருள் என்கிறோம். பெயரில் என்ன இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். மீட்பு சும்மா கிடைப்பது என்றால், நான் பத்தொன்பது வருடமாக இந்த இல்லத்தில் வயசாளிகளின் மலம் அள்ளியது எதற்கு? மன்னித்துவிட்டேன் என்று ஊர் ஊராகச் சொல்கிறாயே, நீ மன்னித்த அக்காவை ஒரு தடவை வந்து பார்க்கக் கூடாதா? திம்பம் மலைப்பாதை வளைவுகளைத் தாண்டினால் நான்கு மணி நேரம். கிறிஸ்துமஸ் வேலை முடிந்ததும் ஒரு நாள் வந்துவிட்டுப் போ. எனக்கு வேறு ஆசை இல்லை.

போன் செய்யாதே, டெய்சியால் உன் குரலைக் கேட்க முடியாது, எழுதுவதானால் சபை முகவரிக்கு எழுது என்று மைசூரை விட்டுப் போன அன்றைக்குச் சொன்னாய். அதை நான் ஒரு நாளும் மீறவில்லை. இதையும் சபைக்கே அனுப்புகிறேன்.

பதிலை எதிர்பார்க்கும் உன் அக்கா,
பிலோமினா


சத்தியமங்கலம்
24 நவம்பர் 2023

கிறிஸ்துவுக்குள் பிரியமான அக்காவுக்கு, கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துதல். அவருடைய கிருபையால் நானும் என் மனைவியும் சுகம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உங்கள் சுகத்துக்காகவும் ஜெபிக்கிறேன்.

கடிதம் கிடைத்தது. நீங்கள் கேட்ட கேள்வி பெரிய கேள்வி. அதற்காகத்தான் நம் அப்பா அம்மாவின் சபையை விட்டு நான் வெளியே வந்தேன். மனிதன் எத்தனை நற்கிரியை செய்தாலும் பரலோகத்தின் வாசல்படியைக்கூடத் தொட முடியாது. இரட்சிப்பு ஈவு. கையை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நீங்கள் இன்னமும் உபவாசம், ஒறுத்தல், சேவை என்று உங்களை வருத்திக்கொள்கிறீர்கள். அது சிலுவையில் முடிந்த காரியத்தை நீங்கள் மறுபடி செய்யப் பார்ப்பது. இப்படி எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும், உங்கள் ஆத்துமாவின் மேல் பாரம் இருப்பதால் எழுதுகிறேன்.

சாட்சியில் உங்கள் பெயரை நான் ஒருபோதும் சொல்வதில்லை. அதைக் கேட்டு இதுவரை எத்தனையோ பேர் பகையை விட்டு ஒப்புரவாகியிருக்கிறார்கள். உங்கள் துக்கமும் தேவனுக்குப் பயன்படுகிறது என்று சந்தோஷப்படுங்கள்.

டிசம்பர் முழுக்க வீட்டுக் கூட்டங்கள். ஜனவரியில் உபவாச ஜெபம். இத்துடன் இரண்டு கைப்பிரதிகள் வைத்திருக்கிறேன், வாசியுங்கள்.

ஊழியத்தில் உங்கள் சகோதரன்,
இன்னாசிமுத்து


மைசூரு
11 டிசம்பர் 2023

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசீர். நலம், நலமறிய ஆவல். இங்கே பனி ஆரம்பித்துவிட்டது. அங்கேயும் குளிரும், காதுக்குத் துண்டு கட்டிக்கொள்.

இது என்ன புதிதாக "நீங்கள்"? மூக்கு ஒழுக என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு திரிந்தவன் நீ. போதகர் ஆனதும் அக்காவுக்கு மரியாதை வந்துவிட்டதா? படிக்கும்போது யாரோ தபாலைத் தவறான வீட்டில் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

கைப்பிரதிகளைப் படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே லிங்கம்மா என்று ஒருவர் இருக்கிறார், தமிழ் பேசும் கௌதள்ளி ஊர்க்காரர். முதுகெல்லாம் படுக்கைப்புண். சுத்தம் செய்யப் போனால் காறித் துப்புவார். துடைத்துவிட்டு மறுபடி போக வேண்டும். அந்த நேரத்தில் பரலோகத்து வாசல்படியெல்லாம் எனக்கு ஞாபகம் வருவதில்லை, தம்பி. புண்ணில் ஈ உட்காரக் கூடாது, அவ்வளவுதான் ஞாபகம். போன வாரம் என்னைப் பிடித்து நிறுத்தி, "ஏம்புள்ள பிலோமி, நீ எல்லாத்துக்கும் செய்யறயே, ஒனக்கு யாரு செய்யோணும்?" என்று கேட்டார். போர்வையைச் சரி செய்துவிட்டு வந்தேன்.

இல்லத்துத் தலைவி மதர் அம்மாவுக்கு என்மேல் திடீரென்று இரக்கம். வார்டு வேலை வேண்டாம் என்று சொல்லிக் காய்கறி நறுக்க உட்கார வைத்திருக்கிறார்கள். சோறு முன்னைப்போல் இறங்குவதில்லை, வயதாகிறது அல்லவா. லிங்கம்மாவை இப்போது நிர்மலா பார்த்துக்கொள்கிறாள்.

டிசம்பரில் வேலை, ஜனவரியில் வேலை என்று எழுதியிருக்கிறாய். பிப்ரவரியில் என்ன என்று எழுதவில்லை. சத்தியிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடலாம் என்று டிரைவர் ஒருவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். உனக்குப் பிடித்த அவரைக்காய்க் குழம்பு வைப்பேன். இப்போது அவரைக்காய் நல்ல வாசனையாக வருகிறது.

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகளுடன் அக்கா,
பிலோமினா


சத்தியமங்கலம்
9 ஜனவரி 2024

பிரியமான அக்காவுக்கு, புத்தாண்டின் ஆசீர்வாதங்கள். இங்கே எல்லோரும் சுகம். டெய்சிக்கு மட்டும் மூட்டுவலி, படி ஏற முடிவதில்லை.

லிங்கம்மாவுக்கு நீங்கள் செய்வது நல்லது. அது இரட்சிப்பின் கனியாக இருக்க வேண்டும், வேராக இருக்கக் கூடாது என்பதுதான் நான் சொல்வது. இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட கள்வனை நினைத்துப் பாருங்கள். என்ன செய்தான் அவன்? ஒரு கோவிலுக்குப் போனானா, ஒரு வயசாளிக்குத் தண்ணீர் கொடுத்தானா? ஆணி அடித்த கையால் எதைச் செய்ய முடியும்? ஒன்றுமே செய்யாமல் அன்றைக்கே பரதீசுக்குப் போனான். சபையில் இதைச் சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்க்கும்.

வருவதைப் பற்றிக் கேட்டீர்கள். மறைக்காமல் எழுதுகிறேன். டெய்சி இன்றுவரை உங்கள் பெயரைச் சொன்னதில்லை. ரூபனின் மஞ்சள் சட்டை பீரோவில் அப்படியே இருக்கிறது. அதன் பிறகு எங்களுக்குக் குழந்தை தங்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். நான் மைசூருக்குப் போனேன் என்று தெரிந்தால் தாங்க மாட்டாள். அவளுக்காகத்தான் தயங்குகிறேனே தவிர எனக்கு உங்கள்மேல் ஒன்றும் இல்லை. கர்த்தர் ஒரு நேரத்தை வைத்திருப்பார்.

ஜெபத்தில் நினைவுகூரும்,
இன்னாசிமுத்து


மைசூரு
22 ஜனவரி 2024

அன்புத் தம்பிக்கு, அக்காவின் ஆசீர். நலமாக இருக்கிறாயா? டெய்சியின் முழங்காலுக்கு நொச்சி இலையைக் கொதிக்க வைத்து ஒத்தடம் கொடு. நான் சொன்னேன் என்று சொல்லாதே.

கள்வனைப் பற்றி எழுதியிருந்தாய். நானும் இரண்டு நாள் அவனையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமே செய்யவில்லை என்கிறாய். ஒன்று செய்தான், தம்பி. பக்கத்தில் தொங்கினவனிடம், நமக்குக் கிடைத்தது நாம் செய்ததற்குத்தான், இவர் ஒரு தப்பும் செய்யவில்லை என்று வாய் திறந்து சொன்னான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். கை ஆணியில் இருந்தது, வாய் இருந்ததே. அது கிரியையா கிருபையா என்று உன்னைப்போல் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு அது சின்ன வேலையாகத் தோன்றவில்லை.

உன்னிடம் ஓர் உதவி கேட்கிறேன். சாட்சி சொல். நான்தான் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவில்லை என்று சொல், அது சத்தியம். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று வேண்டுமானாலும் சொல். மூடியைப் பற்றி மட்டும் பேசாதே. நான் எனக்காகக் கேட்கவில்லை.

அவரைக்காய்ப் பருவம் முடியப் போகிறது.

அக்கா,
பிலோமினா


மைசூரு
19 பிப்ரவரி 2024

அன்புத் தம்பிக்கு, நலமா? போன கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்கிறேன். நிர்மலா கேலி செய்கிறாள்.

தவக்காலம் ஆரம்பித்துவிட்டது. இந்த வருடம் நான் உபவாசம் இருக்க வேண்டியதில்லை என்று பங்குச் சாமியாரே சொல்லிவிட்டார். இதைக் கேட்டால் நீ சந்தோஷப்படுவாய். அதிகப்பிரசங்கித்தனமாக ஏதாவது எழுதியிருந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதே. எழுத்து கோணலாகப் போகிறது, கை சரியில்லை. நீ ஒரு வரி எழுதினால் போதும்.

அக்கா


மைசூரு
5 மார்ச் 2024

மதிப்புக்குரிய பாஸ்டர் அவர்களுக்கு, நிர்மலா எழுதும் கடிதம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் எழுத்து பிலோமினா அக்கா சொல்லிக் கொடுத்ததுதான், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவருக்கு வயிற்றில் கேன்சர். ஈரல்வரை போய்விட்டது. அக்டோபர் மாதமே டாக்டர் சொல்லிவிட்டார், ஆபரேஷன் செய்து பிரயோசனம் இல்லை என்று. அதற்குப் பிறகுதான் உங்களுக்கு முதல் கடிதம் எழுதினார். "தம்பிகிட்ட சொல்லலாமே அக்கா" என்று நான் கேட்டேன். "சொன்னா ஓடி வருவான் நிர்மலா. சீக்குக்காக வரக் கூடாது. எனக்காக வரோணும்" என்றார்.

இப்போது அவர் வேலை பார்த்த வார்டிலேயே லிங்கம்மா பாட்டிக்குப் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறார். கஞ்சி மட்டும் இறங்குகிறது. வலி அதிகமானால் ஊசி போடுகிறோம். பாட்டி படுத்த இடத்திலிருந்தே கையை நீட்டி அக்காவின் கையைப் பிடித்துக்கொள்கிறார். இப்போது யார் மேலும் துப்புவதில்லை.

தினமும் தபால் வந்ததா என்று கேட்கிறார். இல்லை என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஈஸ்டர்வரை இருப்பாரா என்று டாக்டர் சந்தேகப்படுகிறார். தயவுசெய்து வாருங்கள்.

இப்படிக்கு,
நிர்மலா


சத்தியமங்கலம்
11 மார்ச் 2024

அக்கா,

நிர்மலா எழுதிவிட்டாள், அவளைத் திட்டாதே. சபை அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். சுகம் விசாரிக்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

மூடியைப் பற்றிப் பேசாதே என்று நீ எழுதியதைப் படித்த நாளிலிருந்து நான் பிரசங்க மேடை ஏறவில்லை. தொண்டை சரியில்லை என்று சபையில் சொல்லியிருக்கிறேன். உனக்குத் தெரியுமா அக்கா? தெரிந்துதான் எழுதினாயா? தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் நான் சொல்லிவிடுகிறேன்.

மூடியைத் திறந்தவன் நான். அன்றைக்குக் காலையில் நீ பூசைக்குப் போய்விட்டு வருவதற்கு முன்னால் வண்டியைக் கழுவினேன். சம்பிலிருந்து வாளியில் மொண்டு மொண்டு ஊற்றினேன். சபையில் எனக்கு அன்றுதான் முதல் தடவையாகப் பாட்டு நடத்தக் கொடுத்திருந்தார்கள். நீ வந்ததும் குழந்தையை உன் இடுப்பில் கொடுத்துவிட்டு, நேரமாச்சு நேரமாச்சு என்று டெய்சியை ஏற்றிக்கொண்டு போனேன். வாளியும் துணியும் சம்ப் பக்கத்திலேயே கிடந்தன. மூடி சுவரில் சாய்த்து வைத்தபடி இருந்தது.

பாதி வழியில் ஞாபகம் வந்தது, அக்கா. திரும்பியிருக்கலாம். அக்கா பார்த்துக்கொள்ளும் என்று போய்விட்டேன். இதை இருபது வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. ஜெபத்தில்கூடச் சுற்றி வளைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

திரும்பி வந்தபோது வாசலில் கூட்டம். போலீஸ்காரர் கேட்கிறார். நீ ஈரச் சேலையோடு நின்று, "நானே சார், முச்சோது நானே மரெத்தே" என்று கன்னடத்தில் சொல்கிறாய், மூட மறந்தது நான்தான் என்று. என் கண் வாளியைத் தேடியது. வாளி அங்கே இல்லை. துணியும் இல்லை. அந்த நிமிஷம் எனக்குள் ஒன்று சொன்னது: வாளியை நானே உள்ளே வைத்திருக்கிறேன், அப்படியானால் மூடியையும் நானே மூடியிருப்பேன், அக்காதான் பிறகு திறந்திருக்கிறாள் என்று. அந்த வாளியைப் பிடித்துக்கொண்டுதான் இருபது வருடம் நின்றேன். டெய்சி உன்னைச் சபித்தபோது வாயை மூடிக்கொண்டேன். பிறகு உன்னை மன்னித்தேன். என்ன தைரியம் எனக்கு, உன்னை மன்னிக்க. கிருபை கிருபை என்று நான் கத்தியதெல்லாம் என் மனசு சொல்வது என் காதில் விழாமல் இருக்கத்தான்.

ஒன்றும் செய்யாமலே மன்னிப்புக் கிடைக்கும் என்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது உன்னிடம் கேட்கப் பயமாக இருக்கிறது. நாளைக்கே வரட்டுமா?

உன் தம்பி,
இன்னாசி


மைசூரு
16 மார்ச் 2024

(பிலோமினா அக்கா சொல்லச் சொல்ல நிர்மலா எழுதியது)

என் தம்பி இன்னாசிக்கு அக்காவின் முத்தம். மாத்திரை போடுகிறாயா? ராத்திரி தூங்குகிறாயா? "நீ" என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம்.

வாளியை எடுத்து உள்ளே வைத்தது நான்தான்.

குழந்தையைத் தண்ணீரிலிருந்து தூக்கித் தரையில் கிடத்தி, மூச்சு இல்லை என்று தெரிந்து அலறினேன். அது கேட்டுப் பக்கத்து வீட்டார் கதவைத் திறக்கும் சத்தம் வந்தது. அப்போது உன் வாளியைப் பார்த்தேன். கைப்பிடியில் நீ சைக்கிள் டியூப் சுற்றிய தகர வாளி. துணியை அதில் போட்டு உள்ளே கொண்டுபோய்க் குளியலறையில் வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

என் பங்கையும் கேள். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது என்று தெரியும். ஆனால் மறுநாள் காலையில் நான் கூலிக்கு உருட்டும் ஊதுபத்தியை எடுக்க ஆள் வரும், பிசைந்த மாவு காய்ந்துவிடும் என்று பலகையை வைத்துக்கொண்டு உருட்ட உட்கார்ந்தேன். "அத்தே, அத்தே" என்று இரண்டு தடவை வாசலிலிருந்து கூப்பிட்டான். "இரு கண்ணு, இதோ வந்தேன்" என்றேன். மாவு தீரும்வரை எழுந்திருக்கவில்லை. மூடி உன்னுடையது, கண் என்னுடையது. அதற்காகத்தான் இங்கே வந்து சேர்ந்தேன். அந்த வாளியையும் கொண்டுவந்தேன். இத்தனை வருடமும் அதில்தான் எல்லாருக்கும் குளிக்க வெந்நீர் எடுத்தேன். எத்தனை பேரைக் குளிப்பாட்டினாலும் அந்த "அத்தே" காதை விட்டுப் போகவில்லை. செய்து செய்து தீர்க்க முடியாது என்று நீ சொன்னது சரிதான்.

ஆனால் சும்மா கொடுப்பதும் லேசு இல்லை, தம்பி. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து உன் வாயை இருபது வருடம் கட்டிப் போட்டுவிட்டேன். நான் அன்றைக்கே சொல்லியிருந்தால் அழுது தீர்த்து நீ மனிதனாக இருந்திருப்பாய். அது என் பாவம். அதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை, சொன்னால் உன் பெயர் வரும் என்று. நேற்றுச் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். உன்னை எப்போதோ மன்னித்தாயிற்று. நீ என்னை மன்னி.

நாளைக்கே வரட்டுமா என்று கேட்கிறாய். வா என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. ஆனால் முதலில் டெய்சியிடம் சொல். அவளுக்குத் தெரியாமல் நீ வந்து என் கையைப் பிடித்தால், மறுபடியும் நாம் இரண்டு பேர் சேர்ந்து அவளை ஏமாற்றுவது. சொல்லிவிட்டு, அவள் வந்தால் அவளோடு வா. ஈஸ்டர்வரை இருந்து பார்க்கிறேன்.

உன் அக்கா,
பிலோமி


சத்தியமங்கலம்
25 மார்ச் 2024

அக்கா,

வலி எப்படி இருக்கிறது? கஞ்சி இறங்குகிறதா? நிர்மலாவை உன் பக்கத்திலேயே இருக்கச் சொல்.

உன் கடிதம் கிடைத்த பிறகும் மூன்று நாள் தள்ளிப் போட்டேன். நேற்று ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சபையாரிடம் சொல்லிவிட்டேன், டெய்சி முன்வரிசையில் இருக்கும்போதே. முதலில் அவளிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. கூட்டத்தில் பேசிப் பழகியவன் அக்கா, ஒரு ஆளிடம் பேசத் தெரியவில்லை. மூப்பர்கள் என்னை ஊழியத்திலிருந்து ஓய்வாக இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

டெய்சி அழவில்லை. வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து அந்த மஞ்சள் சட்டையை எடுத்துப் பையில் வைத்தாள். இன்று விடிந்ததும் போய்விட்டாள். கோபியில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள். இரண்டு மூன்று நாள் விட்டுப் போய் அவள் காலில் விழுந்து கூப்பிடுகிறேன். வந்தாலும் வராவிட்டாலும் ஈஸ்டர் ஞாயிறு முதல் பஸ்ஸில் நான் வருவேன். அதுவரை இரு, அக்கா. அவரைக்காய் இல்லாவிட்டால் பரவாயில்லை.

இன்னாசி


மைசூரு
9 ஏப்ரல் 2024

ரூபன் அப்பாவுக்கு,

நான் நலம். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. நீங்கள் மாத்திரை போடுங்கள்.

அண்ணியின் அடக்கத்தன்று நீங்கள் என் பக்கத்தில் நின்றீர்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எப்படி உங்களுக்கு முன்னால் இங்கே வந்தேன் என்று நீங்களும் கேட்கவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நான் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. திங்கட்கிழமையே நேராக மைசூருக்கு வந்தேன். சண்டை போடத்தான் வந்தேன். தெரிந்தும் ஏன் என்னிடம் சொல்லவில்லை, இருபது வருடம் தப்பான ஆளைச் சபிக்க வைத்தீர்களே என்று அண்ணியிடம் கேட்கத்தான் வந்தேன். கட்டிலில் ஒரு குச்சி கிடந்தது. அண்ணி என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்ததும், "டெய்சி, முழங்கால் எப்படி இருக்குது?" என்றார்.

கேட்டுவிட்டேன். ஏன் சொல்லவில்லை என்று. மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். "ஒனக்குப் புள்ள போச்சு. அதே நாள்ல புருசனும் போகோணுமா? நாத்தனா ஒருத்தி போனா ஒனக்குப் பெருசா என்ன கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்." என்னை நினைத்துத்தான் அதைச் செய்திருக்கிறார். உங்களுக்காக மட்டும் இல்லை. நான் அவர் கட்டில் விளிம்பில் தலையை வைத்து அழுதேன். ரூபன் சட்டையை அவர் கையில் கொடுத்தேன். அதை முகத்தில் வைத்துக்கொண்டே படுத்திருந்தார். அடக்கத்தில் அவர் கைக்குள் இருந்த மஞ்சள் துணி அதுதான்.

உங்கள் கடைசிக் கடிதத்தை வியாழக்கிழமை நான்தான் வாசித்துக் காட்டினேன். கோபியில் என் காலில் விழப் போகிறீர்கள் என்ற இடத்தில் அண்ணி சிரித்தார். "பாவம், நீ இல்லாத வீட்டு வாசல்ல விழுவான்" என்றார். பிறகு, "அவன இன்னைக்கே வரச் சொல்லு டெய்சி, போன் பண்ணு" என்றார். வெள்ளிக்கிழமை மறுபடியும் கேட்டார். நான் சரி சரி என்று சொல்லிவிட்டுப் போன் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைதானே வருகிறார், வரட்டும், அதுவரை தவிக்கட்டும் என்று இருந்தேன். போனை அணைத்துப் பையில் வைத்திருந்தேன். நிர்மலா செய்யட்டுமா என்று கேட்டாள், அவளையும் நான் தடுத்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணி போய்விட்டார். நீங்கள் ஒரு நாள் பிந்தி வந்தது என்னால்தான். இது என் பங்கு. இதை நான் ஒருத்தி மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டால் நமக்குள் இன்னொரு வாளி வந்துவிடும். அதனால் எழுதிவிட்டேன்.

அண்ணிக்கு மோட்சம் கிடைத்தது கிருபையாலா, இங்கே செய்த வேலையாலா என்று உங்கள் சபையில் பேசுவார்கள். எனக்குத் தெரியவில்லை. அவர் என்னிடம் ஒன்றும் வாங்காமல் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நான் அந்தத் தகர வாளியை எடுத்து லிங்கம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த அம்மா "பிலோமி வந்தாளா?" என்று தினமும் கேட்கிறார். மதர் அம்மா கொஞ்ச நாள் இருந்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதினால் அது நீங்கள் மேடையில் சொன்ன மன்னிப்பு மாதிரி ஆகிவிடும். இன்னும் வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

வந்து கூப்பிடாதீர்கள். போன் செய்யாதீர்கள், உங்கள் குரலை என்னால் இப்போது கேட்க முடியாது. எழுதுவதானால் இல்லத்து முகவரிக்கு எழுதுங்கள். தபால்காரர் பதினொரு மணிக்கு வருகிறார்.

டெய்சி